நைனாவின் இடுப்பும் ரஷீது மாமாவின் கிரேனும்

நைனா என்று நான் கூப்பிடும் என் அப்பா லோகநாதனுக்கு வலி மாத்திரை என்றால் பொட்டுக்கடலை மாதிரி. ஹார்பரில் இருபத்திரண்டு வருடம் நின்று தேய்ந்த இடுப்பு. போன தை மாதம் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த டாக்டர், இனி மாத்திரை போட்டால் கிட்னி போய்விடும் என்றார். தியானம் செய்யுங்கள் என்றும் சொன்னார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. வலியில் துடிக்கிறவரைச் சும்மா உட்காரச் சொல்வது என்ன வைத்தியம்?

வியாசர்பாடியில் எங்கள் தெருமுனை புத்த விகாரையில், மூச்சைக் கவனிக்கச் சொன்னார் பிக்கு. நைனா இரண்டே நிமிடத்தில் கண்ணைத் திறந்துவிட்டார். "இன்னாத்த பாக்கறது? வலிதான் முன்னாடி வந்து நிக்குது."

வண்ணாரப்பேட்டையிலிருந்து பார்க்க வந்த ரஷீது மாமாவிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் ஹார்பரில் கிரேன் ஓட்டியவர். கப்பல் தளத்தில் நின்று நைனா கை காட்ட, உயரத்தில் உட்கார்ந்து மாமா இயக்குவார். ஹபீஸ் என்றால் தூக்கு, ஆரியா என்றால் இறக்கு. லோடு அந்தரத்தில் தொங்கும்போது கை காட்டுபவர் தும்மக்கூடக் கூடாது, கீழே ஆட்கள் நிற்பார்கள். தூக்கிய கைதான் இறக்க வேண்டும்.

"மூச்ச நீ ஏன் பாக்குற தோஸ்து? அதுக்குக் கை காட்டு. நான் பாத்துகினு இருக்கேன்," என்றார் மாமா நைனாவிடம்.

எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மூச்சு உள்ளே போகப் போக நைனாவின் கை மெல்ல ஏறியது. ஹபீஸ். வெளியே வர வர இறங்கியது. ஆரியா. அரைமணி நேரம் ஓடிவிட்டது. வலி போகவில்லை, ஆனால் அதைக் கவனிக்க நைனாவுக்கு நேரமில்லை.

அதன்பிறகு மாமா தினமும் காலையில் வந்தார். முடிந்ததும் பழைய கதைதான். மதியம் நைனாவின் நெத்திலிக் குழம்பு, தூக்குச் சட்டியோடு கொக்கியில் மாட்டிக் கிரேனுக்கு ஏறுமாம். மாமா வீட்டுப் பாயா அதே கொக்கியில் இறங்குமாம். சிறுவயதில் நான் தூங்கிய பிறகுதான் நைனா வீடு திரும்புவார். அந்த மனிதரை இப்போதுதான் எனக்குப் பார்க்கக் கிடைத்தது. ஆசையாக இருந்தது.

ஆனி மாதம் ஒருநாள் பத்து மணியாகியும் மாமாவைக் காணோம். நைனா சுவரைப் பிடித்துக்கொண்டு முனகினார்.

"மகிழி, ஒண்ணே ஒண்ணு குடு."

எனக்குச் சகிக்கவில்லை. தூக்கிப் போட மனம் வராமல் அரிசி டப்பாவில் ஒளித்திருந்த மாத்திரையை எடுத்தேன். தண்ணீர் மொண்டு வந்தால், நைனா எங்கள் மூன்றாம் மாடி வராந்தாவில் நிற்கிறார். கீழே டீக்கடை பெஞ்சில் மாமா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"முட்டி மடங்கல தோஸ்து, படி ஏற முடியல. அங்கேர்ந்தே காட்டு."

நைனாவின் வலது கை ஏறிக்கொண்டிருந்தது. கழுத்தெல்லாம் வியர்வை. மாத்திரையை நீட்டினேன். அவர் திரும்பவில்லை.

"லோடு மேல கீது," என்றார். "இப்போ கை எடுக்கக் கூடாது. போ."