மடிப்புக்காரியும் ஃபோர்மேனின் தாடையும்

தகரப் பட்டறையில் அவளை எல்லோரும் மடிப்புக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். பிரஸ் மெஷினில் பதினோரு வருடம். புது வடிவத்தில் தகடு வந்தால், முதல் வேலையாக அதைக் காகிதத்தில் வைத்து வரைந்து, வெட்டி, மடித்துப் பார்ப்பாள். ஒரு பாதி மறுபாதி மேல் பிசகாமல் படிந்தால் அந்த மடிப்புதான் சமச்சீர்க் கோடு. அப்படிக் கோடு உள்ள தகட்டைக் குப்புறப் போட்டாலும் அச்சுப் பள்ளத்தில் உட்காரும். சதுரத்துக்கு நாலு கோடு, செவ்வகத்துக்கு இரண்டு. கோடே அமையாத வடிவமென்றால் மேல்பக்கத்தில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுவாள்.

அவளுக்கு வாய் பேசும் முன் கை பேசிவிடும். அடித்த புருஷனை அவன் பெல்ட்டாலேயே விளாசிவிட்டு வந்து, தங்கையோடு ஒரே அறையில் குடியிருந்தாள். தங்கைக்கும் அதே பட்டறையில்தான் வேலை.

அந்த வாரம் வந்தவை இணைகரத் தகடுகள். இரண்டு மாதம் முன்பு சேர்ந்த ஃபோர்மேன் பெருக்கல் குறிகளைப் பார்த்து எரிச்சலானான்.

"எதுக்கும்மா இந்தக் கிறுக்கல்? ஒவ்வொண்ணா பாத்துப் பாத்துப் போட்டா எப்ப முடியும்?"

"குப்புறப் போட்டா உக்காராது சார். இதுக்குக் கோடே கிடையாது."

அவன் சாக்பீஸைப் பிடுங்கி ஒரு தகட்டில் மூலைக்கு மூலை இழுத்தான். "இந்தா கோடு. ரெண்டு பக்கமும் சமம்தானே? எனக்கே பாடம் எடுக்கிறியா?"

"சமமா இருக்கிறது வேற சார், மடிச்சா பொருந்துறது வேற."

காகித இணைகரத்தை அவன் இழுத்த கோட்டிலேயே மடித்துக் காட்டினாள். இரண்டு முனைகளும் ஒன்றோடொன்று சேராமல் ஆளுக்கொரு பக்கம் துருத்தின. சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் வினையாகப் போனது. அவன் தகட்டு அடுக்கைப் பூட்ஸ் காலால் உதைத்துச் சிதறடித்தான். குறிகளை அழிக்கச் சொன்னான். அவளைக் கோடியில் இருந்த வெட்டு மெஷினுக்கு விரட்டிவிட்டு, அவள் இடத்தில் தங்கையை உட்காரவைத்தான்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. குறியில்லாத தகடு ஒன்று குப்புறப் போய், அச்சுப் பள்ளத்தில் உட்காரவில்லை.

"சார், ஒரு மூலை தூக்குது," என்றாள் தங்கை.

"கையால அமுக்கேன், என்ன தடவிக்கிட்டு இருக்கே!"

அவள் அமுக்கினாள். அவன் பொறுமையில்லாமல் மெஷினை இறக்கும் பெடலைத் தானே மிதித்தான்.

அலறல் கேட்டு மடிப்புக்காரி ஓடி வந்தபோது தங்கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நசுங்கிய தகட்டுக்குள் கிடந்தன. ரத்தம் மெஷினிலிருந்து தரைக்கு வழிந்தது. யாரோ துணியைக் கிழித்துக் கையைக் கட்டினார்கள்.

"நான் ஒண்ணும் பண்ணல. கவனமில்லாம கைய விட்டுட்டா," என்றான் ஃபோர்மேன். அவன் பூட்ஸ் இன்னும் பெடல்மேல் இருந்தது.

மடிப்புக்காரி பெரிய ஸ்பேனரை எடுத்தாள். முதல் அடியில் தாடை விலகியது. அவன் அவள் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். நெற்றி பிளந்து கண்ணில் ரத்தம் இறங்க, அவள் அவன் முழங்காலில் அடித்தாள். விழுந்தவனைத் தோளில், விலாவில், மறுபடி தாடையில். நாலு பேர் சேர்ந்துதான் அவளைப் பிரித்தார்கள்.

கோர்ட்டில் ஏன் அடித்தாய் என்று கேட்டார்கள். அவள் ஒரு காகிதம் கேட்டு வாங்கி, இணைகரம் வெட்டி நீட்டினாள். நீதிபதி மூன்று விதமாக மடித்துப் பார்த்தார், ஒன்றும் படியவில்லை.

"உன் பக்கம் நியாயம் புரியுதும்மா. ஆனா உடைஞ்ச தாடை உடைஞ்சதுதான்," என்றார்.

ஃபோர்மேனுக்கு ஒரு வருடம், அவளுக்கு மூன்று மாதம்.

விடுதலையாகி வந்து அறைக் கதவைத் தட்டினாள். தங்கை திறந்தாள். திறந்த வேகத்தில் இடது கையால் ஓங்கி ஓர் அறை விட்டாள்.

"அவன அடிச்சா என் விரல் முளைச்சிடுமா? கட்டுப்போட்ட கையோட மூணு மாசம் தனியா சோறாக்கித் தின்னேன். தலைவாரி விட ஆளில்ல. அப்ப எங்கடி போன நீ?"

மடிப்புக்காரிக்குக் கன்னம் எரிந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவள் கை எழவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ச் சீப்பைத் தேடினாள்.