வேடியப்பனின் வலது கை

சனிக்கிழமை காலை கள்ளக்குறிச்சி பேருந்து நிலையச் சுவரில்தான் அந்தச் செய்தியைப் பார்த்தேன். ‘மாநிலக் குத்துச்சண்டை சாம்பியன் வேடியப்பன் மறைந்தார்.’ ஒட்டியவர்கள் விளையாட்டுச் சங்கத்தார். உயிரோடு இருந்தவரை ஒரு போட்டிக்குக்கூட அவனை விருந்தினராக அழைக்காதவர்கள். எனக்குத் துக்கத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

கச்சிராயபாளையத்தில் நாங்கள் ஒன்றாகக் கரும்பு வெட்டினோம், ஒன்றாகவே குத்துச்சண்டை பழகினோம். மணல் நிரப்பிய சாக்கில் அவன் குத்தினால் தையல் பிரியும். உங்களில் சிலர் சேலத்தில் நடந்த மாநில இறுதிப்போட்டியைப் பார்த்திருப்பீர்கள். எதிராளி முதல் சுற்றிலேயே விழுந்தான். கைதட்டலைக் கண்டுகொள்ளாமல் பக்கத்தில் மண்டியிட்டு, “இன்னாபா, கண்ணு தெரியுதா?” என்று கேட்டவன் வேடியப்பன். “அடிக்கிறதெல்லாம் ரிங்குக்குள்ளதான்டா” என்பான்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்த சமயம். இந்திய அணித் தேர்வுக்கு அவன் சென்னை போக வேண்டிய அன்று பேருந்துகள் ஓடவில்லை. சாலையின் குறுக்கே புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தோம். ஆம், வெட்டியவர்களில் நானும் ஒருவன். பையை மாட்டிக்கொண்டு நடந்தே வந்தான்.

“இன்னாடா இது, நான் போவ வேணாமா?”

“கெளைக்கு அடியில பூந்து போய்க்கினே இரு” என்றேன்.

அதற்குள் போலீஸ் வேன் வந்துவிட்டது. நாங்கள் கரும்புக்காட்டுக்குள் ஓடினோம். அவன் ஓடவில்லை. எதற்கு ஓட வேண்டும்? தேர்வுக் கடிதத்தை எடுத்து நீட்டினான். ஓர் அதிகாரி அவனுடைய காய்ப்பேறிய விரல் முட்டிகளைப் பார்த்தார்.

“கல்லு வுட்ட கைதான இது?”

அந்த வலது கையை லத்தியால் அடித்தே உடைத்தார்கள். ஒரே குத்தில் ஆளைச் சாய்க்கத் தெரிந்தவன் திருப்பி அடிக்கவில்லை. கரும்புத் தோகைக்கு நடுவிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கலவர வழக்கு ஆறு வருடம் நடந்தது. கடைசியில் நிரபராதி என்றார்கள். அதற்குள் விரல்கள் கோணலாகக் கூடிவிட்டன, வயதும் கடந்துவிட்டது. வழக்கைக் காட்டியே விளையாட்டு வீரர்களுக்கான அரசு வேலையையும் மறுத்தார்கள். அந்தப் போராட்டத்தின் பலனால் என் மகள் இன்று ஆசிரியை. அவன் இடது கையால் கரும்பு வெட்டப் போனான்.

நான் சாட்சி சொல்லப் போகவில்லை. போனால் நானும் உள்ளே போக வேண்டியிருக்கும். விடுதலையான அன்று டீக்கடையில் கேட்டான்: “இவன் எங்ககூட இல்லன்னு ஒரு வார்த்த வந்து சொல்லியிருக்கலாம்ல, ஏன்டா சொல்லல?” இரண்டு டீக்கும் காசு கொடுத்துவிட்டு நான் எழுந்துவிட்டேன். அவன் அதன்பிறகு கேட்டதில்லை.

அடக்கத்தின்போது சங்கத் தலைவர் மாலை போட்டுவிட்டு, “விதி அவரைக் கைவிட்டது” என்றார்.

“விதி இல்லங்க” என்று கத்தினேன். “கைய ஒடச்சது போலீஸு. மரத்த வெட்டனது நான். இவன் எங்ககூட இல்ல.”

கூட்டம் திரும்பிப் பார்த்தது. கேட்க வேண்டியவன் குழிக்குள் கிடந்தான். அவன் கேட்ட கேள்வியை மட்டும் நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.