பகலில் மூடும் சேலை, இரவில் மூடும் சேலை

இங்கே வெயில் அடிக்கிறது, ஆனால் சுடுவதில்லை. நம் ஊரில் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லவேண்டிய அவசியமே எனக்கு வந்ததில்லை. வெயில் என்றால் சூடு, அவ்வளவுதான். போலந்துக்கு வந்த புதிதில், மார்ச் மாதத்தில் ஒருநாள், ஜன்னலுக்கு வெளியே பளீரென்று அடித்த வெயிலை நம்பி வெறும் சட்டையோடு தெருவில் இறங்கினேன். முனையில் இருக்கும் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் காது இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கவேண்டியதாயிற்று. கடைக்காரம்மா என்னைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். என்ன சொன்னார் என்று இன்றுவரை தெரியாது. இந்த மாதங்களில் இங்கே யாரும் வானத்தை நம்புவதில்லை. கைப்பேசியைப் பார்த்துத்தான் உடை உடுத்துகிறார்கள். காலையில் கோட்டு, மதியம் பனியன், சாயங்காலம் மறுபடியும் கோட்டு. நடுவில் ஒரு மழை, சில நாள் பஞ்சு உதிர்வதுபோல் கொஞ்சம் பனி.

அப்பா தூரதேசத்தில் இருக்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் பிள்ளைகள் கதிரும் அம்முவும் இதில் வருகிறார்கள். அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். கதிர் சரி என்றுவிட்டான். அம்மு மட்டும், தான் அழுததை எழுதக்கூடாது என்று நிபந்தனை போட்டாள். எழுதவில்லை.

திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டு ஓரத்தில், ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் தங்கும் ஒரு விடுதியில் முன்பு எனக்குப் படுக்கை விரிப்புகள் துவைக்கும் வேலை. மொட்டைமாடியில் கொடி கட்டி வெள்ளை வெள்ளையாகக் காயப் போடுவேன். வெளிநாட்டுக்காரர்கள் சிலர் உச்சி வெயிலில் அந்தக் கொடிகளுக்கு நடுவே வந்து, கண்ணை மூடிக்கொண்டு முகத்தை வானத்துக்குக் காட்டி நிற்பார்கள். தலையில் துண்டுகூட இருக்காது. என்னோடு வேலை செய்த குமார், "இன்னாண்ணே, இவங்களயும் காயப் போட்டுட்டாங்களா?" என்று கேட்பான். அப்போது வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். இப்போது இந்த ஊரில், ஓட்டல் விரிப்புகளைத் துவைக்கும் பெரிய சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். வேலை முடிந்து வெளியே வந்ததும், வெயில் இருந்தால், சுவரில் சாய்ந்து கண்ணை மூடி முகத்தை மேலே காட்டிக்கொண்டு நிற்கிறேன். குமார் பார்த்தால் என்ன சொல்வானோ!

போன முறை விடுப்பில், திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து திரும்பும்போதுதான் இந்த அவரைச் செடிக் கதை ஆரம்பித்தது. என் மனைவி செல்வி ஊறுகாய் பாட்டிலைப் பெட்டிக்குள் வைப்பதற்காகத் தன்னுடைய பழைய பச்சைக் கட்டம் போட்ட நூல் சேலையைக் குறுக்கே கிழித்து, ஒரு பாதியைப் பாட்டிலைச் சுற்றிக் கட்டினாள். மற்றப் பாதி மாடிக்குப் போயிற்று. மாடியில் செல்வியும் பிள்ளைகளும் பழைய அரிசிச் சாக்குகளில் மண் நிரப்பிக் கத்திரி, மிளகாய், செடி அவரை என்று வைத்திருந்தார்கள். குரங்குகள் விட்டுவைத்தது போகத்தான் நமக்கு.

அம்மு எங்கிருந்தோ ஒரு கை அவரை விதையோடு வந்து நின்றாள். நான் முதன்முதலில் வெளிநாடு கிளம்பியபோது அவள் சரியாகப் பேசக்கூடத் தொடங்கவில்லை. இப்போது மூன்றாவது படிக்கிறாள்.

"இத எடுத்துனு போ. அங்க போடு."

"எதுக்குடா கண்ணு?"

"மொளைக்கலனா நீ திரும்பி வந்துடணும்."

"அடியே, மொளைச்சிட்டா?" என்றாள் செல்வி, பெட்டியின் மேல் உட்கார்ந்து ஜிப்பை இழுத்தபடி.

"மொளைக்காது. அங்க எல்லாம் ஐஸு. அண்ணன் சொன்னான்."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. சிரிக்காததை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

ஊரிலிருந்து வீடியோவில் பேசும்போதெல்லாம் கதிர் வந்து பள்ளிக்கூடக் கதை சொல்வான். அம்மு மட்டும் திரையின் ஓரத்தில் பாதி முகத்தைக் காட்டி, "ம்", "சாப்டேன்" என்று இரண்டு வார்த்தையில் ஓடிவிடுவாள். செடி வளர்ந்தால் அதைப் பார்க்கவாவது வந்து உட்காருவாள் என்று நினைத்தேன். மார்ச்சில் காலித் தயிர்க் கிண்ணங்களில் மண் போட்டு, விதைகளை ஊன்றி, வீட்டுக்குள் சூடு தரும் இரும்புப் பட்டைக்கு மேலே ஜன்னல் ஓரத்தில் வைத்தேன். ஒரு வாரம் ஆகவில்லை. மண்ணை முட்டிக்கொண்டு, முதுகு வளைந்து, ஒவ்வொன்றாக எழுந்தன. அன்றைக்கே பெருமையோடு வீடியோவில் காட்டினேன்.

"பாத்தியா, ஐஸு ஊர்லயே மொளைச்சிடுச்சி!"

அம்மு பார்த்தாள். "ம்" என்றாள். போய்விட்டாள்.

கொஞ்சம் கழித்துச் செல்வி மெதுவாகச் சொன்னாள். "ஏங்க அவகிட்ட காட்டுனீங்க? அது மொளைக்கக் கூடாதுன்னு தினம் சாமி கும்பிட்டுனு இருந்தா. இப்ப மாடிக்குப் போய் உக்காந்துனு இருக்கா."

கைப்பேசியை வைத்துவிட்டு அந்தக் கிண்ணங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேலை ஒப்பந்தம் முடிய இன்னும் காலம் இருக்கிறது. அதை ஒரு சின்னப் பெண்ணுக்கு எப்படிச் சொல்வது? அவள் பங்குக்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். அந்த வழியை நான் தண்ணீர் ஊற்றி வளர்த்து அடைத்துவிட்டேன். அதற்குப் பிறகு பல நாள் அவள் திரைக்கு வரவே இல்லை.

ஏப்ரல் தொடக்கத்தில் இங்கே திடீரென்று நல்ல வெயில். கிண்ணத்தில் இடம் போதாமல் செடிகள் நெளிந்தன. கீழ்வீட்டில் இருப்பவர் மாரெக். என் வயதுதான் இருக்கும். ட்ராம் வண்டி ஓட்டுகிறார். எனக்குப் போலிஷ் தெரியாது, அவருக்கு ஆங்கிலம் தெரியாது. "ஜென் தோப்ரி" என்று காலை வணக்கம் சொல்லிக்கொள்வதோடு எங்கள் பேச்சு முடிந்துவிடும். நான் கிண்ணங்களோடு தோட்டத்தில் நிற்பதைப் பார்த்து, சுவர் ஓரமாக ஒரு முழம் அகலத்துக்கு இடத்தைக் கையால் காட்டினார். பிறகு வானத்தைக் காட்டி, தலையை ஆட்டி, ஏதோ நீளமாகச் சொன்னார். மழை வரும் என்கிறாராக்கும், நல்லதுதான் என்று நட்டுவிட்டேன்.

நட்ட இளஞ்செடிக்குப் பகலில் நிழல் வேண்டும். இதை நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஊறுகாய் சுற்றி வந்த அந்தப் பாதிச் சேலையைக் குச்சி நட்டு மேலே விரித்துவிட்டு விடியற்காலை வேலைக்குப் போனேன். சாயங்காலம் எடுத்துவிட்டு, ராத்திரிக் காற்று படட்டும் என்று திறந்து வைக்கலாம் என்று எண்ணம். நம் மாடியில் அப்படித்தானே செய்கிறோம். மூன்று மணிக்குத் திரும்பி வந்தால், சேலை அழகாக மடித்து என் கதவுப் பிடியில் தொங்குகிறது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். தோட்டத்தில் துணி போடாதே என்று மாரெக் சொல்லாமல் சொல்கிறார் என்று நினைத்து மனசு சங்கடப்பட்டது. இருந்தாலும் செடி வாடுமே என்று நாலு மூலையிலும் கல் வைத்துவிட்டுப் போனேன்.

அன்று நான் வந்தபோது அவரே சேலையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கைப்பேசியில் மொழிபெயர்த்துக் காட்டினார்: "உங்கள் துணி தினமும் காற்றில் விழுகிறது என்று எடுத்து வைத்தேன். இன்று கல் இருந்தது. ஏன்?"

நான் சூரியனைக் காட்டினேன், செடியைக் காட்டினேன், நெற்றி வியர்வையைத் துடைப்பதுபோல் நடித்துக் காட்டினேன். அவர் சூரியனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நான் போட்டிருந்த தடித்த கோட்டைப் பார்த்தார். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், மேல்மாடி ஜன்னல் திறந்து ஒருத்தர் எட்டிப் பார்த்தார். சிரித்து முடித்து, "ம்ருஸ்" என்றார். இந்த ஊரில் உறைபனிக்கு அதுதான் பெயர். கைப்பேசியில் எழுத்து வந்தது: "சூரியன் நண்பன். இரவுதான் எதிரி. இன்று இரவு உறையும். பகலில் திற. இரவில் மூடு."

நான் அத்தனை நாளும் தலைகீழாகச் செய்துகொண்டிருந்திருக்கிறேன். அந்த ராத்திரிகள் எப்படியோ உறையாமல் இருந்ததால் செடிகள் பிழைத்திருந்தன.

மாடியேறி வந்து ஊருக்குப் பேசினேன். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். செல்வி ரொம்பக் களைத்திருந்தாள். "இன்னாங்க வெயிலு இது, பங்குனியே இன்னும் முடியல, அதுக்குள்ள சித்திர மாதிரி அடிக்குது. தண்ணி ஊத்தி மாளல. முந்தாநாளு அவரையில ஓரத்துச் செடி கருகிடுச்சி. நேத்து என்னடான்னா திடீர்னு காத்தும் மழையும், மிளகாப் பூவெல்லாம் கொட்டிடுச்சி. இந்தப் பொண்ணு மீதிச் சேலைய எடுத்து மாடியில பந்தல் கட்டிட்டா. பள்ளிக்கூடம் போறதுக்கு முன்ன மூடிட்டுப் போறா, வந்ததும் தொறக்கறா. நம்மள தொடவே வுடல."

நான் இங்குள்ள நிலைமையை, கீழ்வீட்டு மாரெக் சிரித்ததையும் சேர்த்துச் சொன்னேன். ராத்திரி உறைபனி வருமாம், அவரை தாங்குமா தெரியவில்லை என்றேன். சொல்லும்போதே இன்னொரு நினைப்பும் ஓடியது. போனால் போகட்டுமே, மூடாமல் விட்டுவிடலாமே. அந்தக் குழந்தை கும்பிட்டது ஒரு பாதியாவது பலிக்கட்டுமே. திரையில் செல்வி மட்டும்தான் தெரிந்தாள். அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"மூடு."

"இன்னாடா கண்ணு?"

"அம்மா சேலையப் போட்டு மூடுப்பா. ரெண்டா மடிச்சிப் போடு. எல மேல படாத மாதிரி குச்சி வெய்யி." முழு முகமும் திரைக்கு வந்தது. பல நாள் கழித்து.

"செடி இல்லனா நான் வந்துடணும்னு சொன்னியேம்மா?"

"அது வேற. செடி இன்னாப்பா பண்ணுச்சி? என்து கருகறப்ப நான் பாத்தேன். பாவமா இருந்துச்சி."

"செடி இருந்தா நான் இங்கயே இருந்துடுவேனே?"

"நீயும் வா. செடியும் இருக்கட்டும். அந்த மாமா பாத்துக்கமாட்டாரா?"

அந்த மாமா என்று அவள் சொன்னது மாரெக்கை. அவருக்குத் திருவண்ணாமலையில் ஒரு மருமகள் கிடைத்த விஷயம் அவருக்கு இன்னும் தெரியாது.

அவள் சொன்னபடியே சேலையை இரண்டாக மடித்துப் போட்டேன். எத்தனை முறை துவைத்தும் அதில் ஊறுகாய் எண்ணெய் வாசம் போகவில்லை. இருட்டுவதற்கு முன் மாரெக்கும் வந்து பார்த்துவிட்டு, அதன் மேல் பழைய அட்டைப் பெட்டிகளைக் கவிழ்த்து வைத்தார். இரண்டு பேரும் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, அந்த ஒரு முழ அகலத் தோட்டத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம். கிளம்பும்போது அவர் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, எனக்கு வேலை இல்லை. காலையில் இறங்கினால் புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல் வெள்ளை. சலவைக்கூடத்தில் இத்தனை வெள்ளையைப் பார்த்துப் பழகிய எனக்கே கண் கூசியது. அட்டைப் பெட்டிகளை எடுத்து வைத்துவிட்டு, சேலையைத் தொடாமல், முதலில் வீட்டுக்கு வீடியோ போட்டேன். அம்முவே எடுத்தாள். மாடியில் இருந்தாள். அங்கே பதினொரு மணி வெயில். தலையில் அம்மாவின் துண்டு. பின்னால் தண்ணி டேங்க், அதற்கும் பின்னால் வெயிலில் வெளுத்துப்போன மலை.

"தொறந்தியா?"

"நீ பாக்கணும்னு வெச்சிருக்கேன்."

"இரு இரு. நான் இன்னும் மூடல. சேர்ந்து பண்லாம்."

கைப்பேசியைக் கதிரிடம் கொடுத்துவிட்டு அவள் தன் பாதிச் சேலையை இரண்டு கையாலும் பிடித்தாள். நான் கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு என் பாதியைத் தூக்கினேன். அது விறைத்துப்போய் அப்பளம்போல் நொறுங்கும் சத்தம் போட்டது. அதைக் கேட்டு அவள் சிரித்தாள். ஓரத்துச் செடி ஒன்று இலை கறுத்துத் தொங்கிவிட்டது. மற்றவை நின்றன.

"நெருப்புல வாட்டுன மாதிரி இருக்குதே," என்றாள். "என்து வெயில்ல கருகுனப்பவும் இப்படித்தான் இருந்துச்சிப்பா. குளிர்லயும் கருகுமா?"

"கருகும்போலம்மா."

"சரி. ஓரத்தக் காட்டு."

"எந்த ஓரம்?"

"சேலையோட கிழிஞ்ச ஓரம்."

கிழித்த இடத்தில் ஒரு வரிசைப் பச்சைக் கட்டங்கள் பாதியோடு நின்றிருக்கின்றன. நான் என் ஓரத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோனேன். அவள் தன் ஓரத்தை அந்தப் பக்கத்திலிருந்து கொண்டுவந்தாள். கதிர், "இன்னும் கொஞ்சம் மேலப்பா, கொஞ்சம் இந்தப் பக்கம்" என்று வழி சொன்னான். ஒரு கட்டம் கிட்டத்தட்ட முழுசாக வந்தது. என் பாதி பனி உருகி ஈரமாக இருந்தது. அவள் பாதியில் வெயில் ஊடுருவி அடுத்த பக்கம் தெரிந்தது.

"போதும், கை வலிக்குது," என்று சொல்லிவிட்டு, அவள் தன் செடிகளை மூடப் போனாள். நான் என் பாதியைப் பிழிந்து, வெயில் பக்கமாகக் கொடியில் போட்டேன்.