வலது காலின் மடிப்பு

கனடாவில் எங்கள் நகரத்தில் பல நாடுகள் கூடிப் பெரிய விளையாட்டுப் போட்டி நடத்திய கோடையில், ஒரு சின்னத் தீவின் அணி என் வீடு தேடி வந்தது. டோர்செட் பார்க் அப்பார்ட்மென்டின் முன்னறைதான் என் தையல் கடை. அணி என்றால் மொத்தம் ஒன்பது பேர். தொடக்க அணிவகுப்புக்குத் தைத்த உடுப்புகள் அளவு பிழைத்துவிட்டன. எல்லாக் காற்சட்டையும் நிலத்தைக் கூட்டியது.

கடைசியாக முக்காலியில் ஏறி நின்றவள் நானூறு மீற்றர் ஓடுபவள். குண்டூசிகளைக் கவ்வியிருந்தும் என் வாய் சும்மா இருக்கவில்லை. எத்தனை நொடியில் ஓடுவாய் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். கூச்சமில்லாமல் சொன்னாள். என் மகளைவிட முழுதாக ஒரு நொடி பின்னால்!

என் மகளும் நானூறு மீற்றர்தான். விடியற்காலைப் பயிற்சிக்கு ஏற்றி இறக்கியே என் பழைய கார் செத்து, இன்னொன்று வாங்கினேன். ஆனால் கனடா அணியின் இடங்கள் அவளைவிட வேகமானவர்களோடு முடிந்துவிட்டன. அந்தத் தீவிலோ இவளைவிட வேகமாக ஓட ஆளில்லை. அதனால் கொடி பதித்த கோட்டோடு இவள் என் முக்காலியில் நிற்கிறாள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

என் மகள் உன்னைவிட வேகம் என்று சொல்லியும் விட்டேன்.

"அம்மா, பிளீஸ், ஸ்டொப்!" என்று மகள் மூலையிலிருந்து பல்லைக் கடித்தாள்.

அந்தப் பெண் சிரித்தாள். அப்படியென்றால் உன்னோடு பயிற்சி செய்ய வேண்டும் என்று மகளுக்குக் கை கொடுத்தாள். அந்த நல்ல குணம் என்னை இன்னும் எரித்தது.

மற்ற எட்டுப் பேருடையதையும் ஒழுங்காகத் தைத்தேன். அவளுடைய இடது காலையும் அப்படியே. வலது காலின் மடிப்பை மட்டும், முடிச்சுப் போடாமல், பெரிய பெரிய தையலாக ஒப்புக்கு இழுத்துவிட்டேன். சப்பாத்துக் குதி ஒருமுறை தட்டினால் அவிழ்ந்துவிடும். இத்தனை வருடத் தையலில் நான் வேண்டுமென்றே செய்த பிழை அது ஒன்றுதான். உடுப்புப் பையை மகள் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அணிவகுப்பை வீட்டில் இருந்து தொலைக்காட்சியில் பார்த்தோம். ஒன்பது பேரும் வந்தார்கள். ஊரெல்லாம் கொடியைப் பார்த்திருக்கும்; நான் வலது காலைப் பார்த்தேன். அவள் துள்ளினாள், பின்பக்கமாக நடந்தாள், இரண்டு கையையும் அசைத்தாள். மடிப்பு அப்படியே நின்றது. எனக்கு முதலில் வந்தது ஏமாற்றம். அதை மறைத்து எழுத மனம் வரவில்லை.

"என்னம்மா, அவவின்ரை காலையே பாக்கிறியள்?"

"ஒண்டுமில்லை. தையல் எப்பிடி நிக்குதெண்டு பாக்கிறன்."

மகள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது அவிழாது. பையிலை வைக்கேக்கை கண்டனான். காருக்குள்ளை இருந்து நானே திருப்பித் தைச்சிட்டுத்தான் குடுத்தனான்."

பிறகு எழுந்து நின்று, அந்தத் தீவின் பெயரைச் சொல்லிக் கத்திக் கைதட்டினாள். ஓட முடியாமல் போனது மகளுக்கு. எரிந்துகொண்டிருந்தது நான். அந்த நேரத்தில் எனக்கு என் மகள் மேலேயே பொறாமை வந்தது.