மேற்கே விலகிய தண்டவாளம்

இப்போது ஒருத்தனுக்கும் எதைப் பற்றியும் பயமில்லை. ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு குறட்டை விடுகிறார்கள். தனக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று ஒருவனும் எட்டிப் பார்ப்பதில்லை. பேப்பரில் அச்சாகி வந்தால் எந்தப் புளுகையும் நம்புகிறார்கள். கண்ணால் பார்த்தவன் சொன்னால், "பெருசுக்கு விஸ்கி ஏறிடுச்சு" என்கிறார்கள். நான் விஸ்கியைத் தொட்டு முப்பது வருடம் ஆகிறது.

இது நடந்தது. என் கையாலேயே நடந்தது. நம்புகிறவன் நம்பட்டும். மற்றவன் போய்க் குறட்டை விடட்டும்.

அலபாமாவில் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து உருக்காலைக்குப் போகும் பாதை அது. வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போர் முடிந்து பதினாறு வருடம். கறுப்பர்களான எங்களை விற்கிற சந்தை மூடியாகிவிட்டது. புகைபோக்கிகள் முளைத்துக்கொண்டே இருந்தன. நான் அந்தப் பாதையில் கேங்மேன். தண்டவாளம் வளைந்தால் நேராக்குவதுதான் எங்கள் ஆறு பேரின் வேலை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு தண்டவாளத்தை ஒருத்தன் நகர்த்த முடியாது. எல்லோரும் கடப்பாரையை அடியில் கொடுத்து, ஒரே மூச்சில் நெம்ப வேண்டும். அதற்கு ஒரு பாட்டுக்காரன் உண்டு. அவன் முதலில் இரும்பைத் தட்டுவான். பிறகு ஒரு அடி பாடுவான். "ஹேய்!" என்று சேர்ந்து நெம்புவோம். பழகிவிட்டால் காதுக்கும் கைக்கும் நடுவில் புத்திக்கு வேலையே இல்லை. பாட்டு வந்தால் தோள் தானாகப் போகும். ஒவ்வொரு பாட்டுக்காரனும் ஒவ்வொரு தினுசு. இருட்டில் முகம் தெரியாவிட்டாலும் குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம்.

என் தம்பி எனோக் அப்படிப்பட்ட பாட்டுக்காரன். இரண்டு தட்டு தட்டுவான். முதல் தட்டு பலமாக, இரண்டாவது மெல்ல. பிறகு வெள்ளைக்கார மேஸ்திரியை நேருக்கு நேராகவே கிண்டல் செய்து பாடுவான்.

"கேப்டன் குதிரைக்குக் கொட்டாய் உண்டு... ஹேய்!
கேப்டனைச் சுமக்கிற எனக்கென்ன உண்டு... ஹேய்!"

மேஸ்திரியும் சேர்ந்து சிரிப்பார். பாட்டில் மட்டும் எங்களுக்கு அந்தச் சலுகை.

ஒரு தேர்தல் நாள் காலையில் எனோக் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஓட்டுப் போடக் கிளம்பினான். "அண்ணே, நீ வரலையா?" என்றான். "எனக்கு முட்டி வலி" என்றேன். சாவடி வாசலில் வெள்ளைக்காரர்கள் துப்பாக்கியோடு நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். சிரித்துக்கொண்டே போனான்.

மத்தியானத்துக்குள் ஷெரீப் அவனைப் பிடித்துவிட்டார். குற்றம்? வேலை வெட்டி இல்லாமல் சுற்றினானாம். ஒரு வருடத் தண்டனை. காலில் விலங்கு மாட்டி ரயில்பாதை போடும் காண்ட்ராக்டருக்கு வாடகைக்கு விட்டார்கள். வாடகை மாட்டைக்கூடச் சாகவிடாமல் திருப்பித் தரவேண்டும். கைதிக்கு அந்த நிபந்தனை கிடையாது. வருடம் முடிந்து போய்க் கேட்டேன். "விட்டாச்சு. டெக்சஸ் போயிட்டான்" என்றார்கள். அம்மா அதை நம்பினாள். சாகும்வரை தெற்கிலிருந்து வருகிற வண்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். டெக்சஸ் மேற்கே என்று நான் அவளிடம் சொல்லவில்லை.

எனோக் பிடிபட்டு ஐந்து வருடம் கழித்து, நான் இந்தச் சுரங்கப் பாதைக்கு மாறி வந்த பிறகு, அந்த ஓடைக்கரைத் தொல்லை ஆரம்பித்தது.

இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஓடையை ஒட்டி உயரமாக மண் கொட்டி, அதன்மேல் தண்டவாளம் போட்டிருந்தார்கள். வாரக் கடைசியில் நேராக இருக்கும். திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் நாலு விரல் மேற்கே விலகியிருக்கும். எப்போதும் அதே இடம். எப்போதும் மேற்கே. ஜல்லி கலையவில்லை. ஆணி பிடுங்கப்படவில்லை. ஆறு பேர் பாட்டுப் பாடி நெம்பி வைத்த மாதிரி அழகாக விலகியிருக்கும்.

எங்கள் மேஸ்திரி கேப்டன் லெஃப்லர். போரில் ஒரு காதை இழந்தவர். மற்றதில் எங்கள் பேச்சு ஏறாது.

"டேய் எஸ்ரா, யாருடா ராத்திரி வந்து இதை நகத்துறது?"

"தெரியலைங்க கேப்டன்."

"எனக்குத் தெரியும். உங்க ஆளுங்கதான். வேலை நீண்டுக்கிட்டே இருக்கணும்னு பாக்குறீங்க."

பாட்டுக்காரன் மிங்கோ வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான். "ஆமாங்க கேப்டன். பகல்ல நெம்புனது பத்தலை. ராத்திரியும் ஆசையா இருக்கு."

கேப்டன் சிரிக்கவில்லை.

அந்த வியாழக்கிழமை ஒரு விசேஷ வண்டி வருவதாக இருந்தது. வடக்கேயிருந்து பணக்காரர்கள். அவர்களோடு கைகோத்துக்கொண்டு நம் ஊர்ப் பெரிய மனிதர்கள். ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டவர்கள் இப்போது ஒரே மேஜையில். ஏழே காலுக்கு ஓடைக்கரையைத் தாண்டும் என்றார்கள்.

சாயங்காலமே தண்டவாளத்தை நேராக்கினோம். கேப்டன் குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். தண்டவாளத்தை ஒட்டி மேற்குப் பக்கத்தில் ஒரு முளையும், கிழக்குப் பக்கத்தில் ஒரு முளையும் அடித்தார். மற்ற நாலு பேரை அனுப்பிவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார்.

"வண்டி போறவரைக்கும் நீங்க ரெண்டு பேரும் காவல். தண்டவாளம் முளையை விட்டு நகந்துச்சு, வண்டி கவுந்துச்சு... கயிறுதான். ஊர்க்காரங்களை நான் தடுக்க மாட்டேன்."

"நகந்தா வண்டியை நிறுத்திடலாங்களா?" என்றேன்.

"அத்தனை பெரிய மனுசங்க வண்டியை நிறுத்துனா, நீதான் நகத்துனேன்னு அர்த்தம். நேரா சுரங்கம். விலங்கோட."

குதிரையில் ஏறிப் போய்விட்டார்.

மிங்கோ சோளரொட்டியைப் பிய்த்து எனக்குப் பாதி கொடுத்தான். "எஸ்ராண்ணே, கயிறு நல்லதா, விலங்கு நல்லதா?"

"சாப்பிடுடா."

"எனக்குக் கழுத்து குட்டை. கயிறு ஒத்து வராது."

அப்போது ஓடையிலிருந்து பனி ஏறியது. நவம்பரில் அது வழக்கம்தான். வழக்கமில்லாதது ஒன்று. தவளைகள் நின்றுவிட்டன. ஒவ்வொன்றாக இல்லை. எல்லாம் ஒரே நேரத்தில்.

நான் தண்டவாளத்தில் உள்ளங்கையை வைத்தேன். வண்டி தூரத்தில் வந்தால் இரும்பு லேசாக அதிரும். இது அந்த அதிர்வு இல்லை. ஒரு மாடு மூச்சு விடுகிற மாதிரி... ஏறி... இறங்கி...

ஈரக் களிமண் வாசனை அடித்தது. புதிதாகத் தோண்டிய குழியின் வாசனை.

டங்... டிங்.

முதல் தட்டு பலமாக. இரண்டாவது மெல்ல.

"நீயா தட்டுன?" என்றான் மிங்கோ.

"இல்ல."

"நானும் இல்ல."

சங்கிலி உரசும் சத்தம். மேலே இல்லை. காலடியில். பிறகு கடப்பாரைகள் ஜல்லிக்குள் இறங்கும் சத்தம். ஒன்று இல்லை, இரண்டு இல்லை. ஒரு கேங் முழுவதும் ஒரே நேரத்தில் இறக்கினால் வருகிற சத்தம்.

ஜரக்!

"கேப்டன் குதிரைக்குக் கொட்டாய் உண்டு..."

குரல் மண் தின்ற மாதிரி கரகரத்தது. ஆனால் எனக்குத் தெரியாதா? நான் கூடப் படுத்துத் தூங்கிய குரல்.

ஹேய்!

"கீழே கெடக்கிற எனக்கென்ன உண்டு..."

இந்த அடி பழையபடி இல்லை. அவன் அப்படிப் பாடியதே இல்லை. அதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்...

ஹேய்!

அந்த "ஹேய்" என் வாயிலிருந்து வந்தது.

"அண்ணே! என்னண்ணே பண்றே!"

மிங்கோ என் இடுப்பைப் பிடித்து இழுத்தான். என் கடப்பாரை தண்டவாளத்துக்கு அடியில் இருந்தது. என் தோள் அதன்மேல் இருந்தது. எப்போது எடுத்தேன், எப்போது கொடுத்தேன்... தெரியாது. பாட்டு வந்தது. தோள் போய்விட்டது. அவ்வளவுதான்.

லாந்தரைத் தூக்கிப் பார்த்தோம்.

மேற்கு முளை ஒடிந்து கிடந்தது. கிழக்கு முளைக்கும் இரும்புக்கும் நடுவில்... நாலு விரல்.

வடக்கே பாலத்தில் வண்டி ஊதியது.

"நிறுத்தப் போறேன்" என்று மிங்கோ லாந்தரோடு ஓடினான். பத்து எட்டில் நின்றான். பாலத்திலிருந்து இறக்கம். இனி நிறுத்தினாலும் நிற்காது. அவனுக்கும் தெரியும்.

இரண்டு பேரால் நெம்ப முடியாது. முயன்றோம். அசையவில்லை.

நான் குப்புற விழுந்தேன். வாயை இரும்பில் வைத்தேன்.

"எனோக்... நான்தான்டா. எஸ்ரா."

சத்தமில்லை.

"டேய்... இன்னிக்கு வேணாம்டா. வண்டி கவுந்தா எங்க ரெண்டு பேரையும் மரத்துல தொங்க விடுவானுங்க. திருப்பி வச்சிருடா... தம்பி..."

சத்தமில்லை.

எஞ்சின் விளக்கு பனியில் மஞ்சளாகத் தெரிந்தது.

டங்... டிங்.

இந்தத் தட்டு மேற்குப் பக்கத்திலிருந்து வந்தது.

பாட்டு வரவில்லை. சங்கிலி இழுபட்டது. கடப்பாரைகள் இறங்கின.

ஜரக்.

"ஹேய்..."

அழுகிற மாதிரி ஒரு "ஹேய்".

அடியில் இருந்த கட்டைகள் முனகின. தண்டவாளம் கிழக்கே ஊர்ந்தது. என் கன்னத்தை உரசிக்கொண்டே ஊர்ந்தது. முளையைத் தொட்டது. நின்றது.

மிங்கோ என் காலைப் பிடித்து இழுத்தான். உருண்டு சரிவில் விழுந்தோம்.

வண்டி வந்தது.

ஜன்னல் எல்லாம் விளக்கு. உள்ளே யாரோ பிடில் வாசித்தார்கள். ஒருவர் எழுந்து நின்று கோப்பையைத் தூக்கினார். எல்லோரும் கை தட்டினார்கள். யாரோ கடித்த கோழி எலும்பை வெளியே எறிந்தார்கள். என் பக்கத்தில் விழுந்தது.

ஒவ்வொரு சக்கரமும் அந்த இடத்தைத் தாண்டும்போது...

அடியில்...

"ம்ம்..."

அடுத்த சக்கரம்.

"ம்ம்..."

கடைசிப் பெட்டிவரை.

காலையில் கேப்டன் வந்தார். ஒடிந்த முளைக்குப் பதில் நாங்கள் ராத்திரியே வேறு அடித்திருந்தோம். முளையைப் பார்த்தார். இரும்பைப் பார்த்தார். எங்களைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியா? காவல் போட்டதும் ஒழுங்கா இருக்கு. அப்போ நகத்துனது நீங்கதான்டா."

"ஆமாங்க கேப்டன்" என்றேன். வேறு என்ன சொல்ல?

மிங்கோ அன்றைக்கே ஊரை விட்டுப் போனான். பிறகு அவன் எங்கும் பாட்டுக்காரனாக வேலை செய்யவில்லை என்று கேள்வி.

ஒன்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அந்த இடத்தில் தண்டவாளம் நகரவே இல்லை. ஒரு நூல்கூட. எத்தனை நிலக்கரி வண்டி, எத்தனை இரும்பு வண்டி. உருக்காலைகள் இரண்டு மடங்காயின. ஊரெல்லாம் புகை. எங்களை ஓட்டுச் சாவடிப் பக்கமே வராதபடி சட்டமும் போட்டாகிவிட்டது. தண்டவாளம் மட்டும் ஆடாமல் அசையாமல் இருந்தது. நான் கேட்டுக்கொண்டபடி.

போன வருடம் பக்கத்தில் இரண்டாவது பாதை போடுவதற்காக அந்தக் கரையை வெட்டினார்கள். நான் வேலையை விட்டு எத்தனையோ காலம் ஆகிறது. இருந்தும் போய் நின்றேன். நீராவி எந்திரம் மண்ணைக் கவ்வி எடுத்தது. பழைய பாதைக்கு நேர் கீழே எலும்பு. ஒன்றல்ல. கணுக்காலில் விலங்கு, எல்லா விலங்குக்கும் ஒரே சங்கிலி.

வடக்கேயிருந்து வந்த இளவயது எஞ்சினியர் ஒருவர் என் பக்கத்தில் வந்து நின்றார். "பாதை போடும்போது கரை சரிஞ்சிருக்கு, பெரியவரே. கைதிங்க. திறப்பு விழாவுக்குத் தேதி குறிச்சாச்சாம். தோண்ட நேரமில்லைன்னு மேலயே மண்ணைப் போட்டுட்டாங்கன்னு பழைய ஆளுங்க சொல்றாங்க."

"பேருங்க?"

"கைதிங்களுக்கு யாரு பேரு வச்சுக்கிட்டு இருக்கா?"

எலும்புகளுக்கு நடுவே ஒரு கடப்பாரை நட்டமாக நின்றது. அதன் மேல்நுனி தண்டவாளக் கட்டைக்கு அடியில் போய் முட்டியிருந்தது. எடுத்து என்னிடம் காட்டினார்கள். விலங்கெல்லாம் துருப்பிடித்து உதிர்ந்துகொண்டிருந்தது. சங்கிலி தொட்டால் மண்ணாக உதிர்ந்தது. கடப்பாரையில் துருவே இல்லை. நுனி பளபளத்தது. இரண்டு கை பிடிக்கிற இடமும் பளபளத்தது.

நான் வாழ்நாள் முழுவதும் கடப்பாரை பிடித்தவன். ஒரு வாரம் சும்மா போட்டால் அது சிவந்துவிடும். தினமும் வேலை செய்கிற கடப்பாரைதான் அப்படிப் பளபளக்கும்.

எஞ்சினியரிடம் முழுவதும் சொன்னேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். நல்ல பையன். பிறகு சிரித்தார்.

"எல்லாம் தண்ணி பண்ற வேலை, பெரியவரே. ஓடைத் தண்ணி அடியில ஊறினா கரை விலகும். ஈரக் களிமண்ணு இரும்பைத் துருப்பிடிக்க விடாது."

"தண்ணி நாலு விரல் நகத்தும்னே வச்சுக்குவோம். கெஞ்சுனா திருப்பிக் கொண்டாந்து வைக்குமா?"

அவர் எந்திரத்தைப் பார்த்துக் கை அசைத்தார். எலும்பை ஓரமாகத் தள்ளி அதன்மேல் ஜல்லியைக் கொட்டினார்கள். சாயங்காலத்துக்குள் புதுப் பாதைக்குக் கட்டை அடுக்கியாகிவிட்டது.

நான் திரும்பி நடந்தேன். கட்டைமேல் கால் வைக்காமல், சரிவில் இறங்கி, முள்ளுக்குள்ளேயே நடந்தேன்.

தண்ணியாம்.