ஏரிக்கரையில் கஸ்தூரி மான்

தாம்பரத்தில் ஒரு சுற்றுச்சூழல் கன்சல்டன்ஸியில் பறவை, பூச்சி சர்வே எடுப்பது என் வேலை. இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. திருமுடிவாக்கம் பக்கம் ஏரிக்கரையில் கிடங்கு கட்ட அனுமதி கேட்டு ரிப்போர்ட் கொடுத்தோம். அதில் பாலூட்டிகள் பட்டியலில் கஸ்தூரி மான் இருந்தது. இமயமலையில் திரிகிற பிராணி! வடக்கே ஓர் அணைக்கு எழுதிய பழைய ரிப்போர்ட்டின் மேலேயே புதியதை எழுதுவது எங்கள் வழக்கம். அந்த ஒரு வரியை அழிக்க மறந்தது நான்தான்.

அனுமதி கொடுக்கும் கமிட்டியின் கூட்டத்தில் பிடித்துக்கொண்டார்கள். "வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணை விலங்கு மேடம், விளையாட்டா?" என்றார் ஓர் அதிகாரி. அது மான் குடும்பமே இல்லை, தனிக் குடும்பம் என்பது வரை பேச்சு அரை மணி நேரம் போனது. எங்கள் கம்பெனி எம்.டி. எழுந்து மன்னிப்புக் கேட்டார்.

அடுத்த பக்கத்தில் ஓர் அந்துப்பூச்சி இருந்தது. அது நிஜமாகவே அந்தக் கரையில் இருந்தது. பகலில் கோரைப்புல்லில் உட்கார்ந்திருந்ததை நானே பிடித்தேன். மண் லாரி டிரைவர், "இன்னாக்கா, இத்தினூண்டு பூச்சிக்கா காலைலேருந்து சுத்திகினு கீற?" என்று சிரித்தார்.

பேரினம் தெரிந்தது, இனம் தெரியவில்லை. ஆண் பூச்சியின் வயிற்று நுனியைப் பிரித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்லலாம். கிடைத்தது ஒரே ஒரு பெண் பூச்சி. நிபுணருக்குப் போட்டோ அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை பொறுக்கச் சொன்னேன்.

"பேர் தெரியலேன்னா பேரினத்த மட்டும் போட்டு சைன் பண்ணுங்கம்மா. க்ளையண்ட் உயிரை எடுக்கறான்," என்றார் எம்.டி.

போட்டேன். இனப் பெயர் இல்லாததற்கு எந்தப் பாதுகாப்பு அட்டவணையிலும் இடமில்லை. எந்த அட்டவணை என்று கேட்கும் கட்டத்தில் 'பொருந்தாது' என்றும் நானே நிரப்பினேன். கூட்டத்தில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. மான் விவகாரம் முடிந்தால் போதும் என்று நானும் வாயைத் திறக்கவில்லை. மானை அழித்துக் கொடுத்தோம், அனுமதி வந்துவிட்டது.

மூன்று மாதம் கழித்து நிபுணர் எழுதினார். இதுவரை யாரும் பெயரிடாத இனமாக இருக்கலாம், ஓர் ஆண் பூச்சி வேண்டும் என்று. அன்றே ஆட்டோ பிடித்துப் போனேன். கோரை இருந்த இடத்தில் செம்மண் கொட்டி ரோலர் ஓட்டியிருந்தார்கள். அதே டிரைவர்தான் நின்றிருந்தார்.

"அல்லாம் மூடியாச்சுக்கா," என்றார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

குன்றத்தூர் வரை ஒவ்வொரு ஏரிக்கரையாகத் தேடினேன். இன்னும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அந்தப் பெண் பூச்சி மட்டும் ஊசியில் குத்தியபடி என் டிராயரில் இருக்கிறது. அதைத் திறக்கவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் உண்டு. பெயர் தெரியாத உயிருக்கு நேரே 'பொருந்தாது' என்று எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள். நான் போட்டேன்.