பீரோவுக்குப் போட்ட இரும்புப் பட்டை

போன வாரம் எங்கள் வீட்டுக்குப் புது வாஷிங்மெஷின் வந்தது. கொண்டுவந்தவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளேடை எடுத்து, அட்டைப் பெட்டியைச் சுற்றியிருந்த மஞ்சள் பட்டைகளைச் சரக் சரக்கென்று அறுத்துப் போட்டார். எனக்குப் பெரிய ஏமாற்றம். "இவ்வளவு லேசாவா கட்டி அனுப்புவாங்க?" என்று கேட்டேன். "அவுக்கத்தானே சார் கட்டுறது" என்றார். இது எனக்கு இருபத்துநாலு வயதில் தெரியாமல் போனதால்தான் தாடையில் ஒரு தழும்போடு திரிகிறேன்.

அவர் போனபிறகு அறுந்த பட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். சிரிக்காதீர்கள், அந்தப் பிளாஸ்டிக் வாசனையில்தான் என் முதல் உத்தியோகம் இருந்தது. தஞ்சாவூருக்கு வெளியே ஓர் அரிசி ஆலை. வெளிநாடு போகும் மூட்டைகளைப் பேலட் என்கிற மரத்தட்டுகளில் அடுக்கிப் பட்டை போடும் பிரிவில் இருந்தேன். எங்கள் சூப்பர்வைசர் முதல் நாளே பாடம் சொல்லிவிட்டார். "மூட்டை போகப் போக அடங்கும் தம்பி. பச்சைப் பிளாஸ்டிக் பட்டை அது கூடவே அடங்கும். இரும்புப் பட்டை ரோஷக்காரன், வளைஞ்சு குடுக்கமாட்டான், தொளதொளன்னு ஆயிடுவான்." ஆகவே மூட்டைக்குப் பச்சை, அட்டைப் பெட்டிக்கு மஞ்சள், அசையாத கனத்த சாமானுக்கு இரும்பு. சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில்கூட நான் எதையும் இவ்வளவு பக்தியோடு மனப்பாடம் செய்ததில்லை.

மிச்சமாகும் பச்சைப் பட்டையில் சுற்றுவட்டாரப் பெண்கள் கூடை பின்னிக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு யாராவது அந்தக் கூடையோடு வந்தால், அது எத்தனை மில்லி அகலப் பட்டை, எவ்வளவு பாரம் தாங்கும் என்று சொல்லிவிடுவேன். யாரும் கேட்கமாட்டார்கள். நானாகச் சொல்வேன்.

இப்படிப்பட்ட ஞானி வீட்டில் இருக்கும்போதுதான் தங்கை ஜெசிக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை பாபநாசத்துப் பக்கம், பம்புசெட் வைத்து விவசாயம் செய்கிற குடும்பம். சீரில் முக்கியமானது ஒரு இரும்பு பீரோ. அதற்குள் புடவைகளுக்கு நடுவே அம்மா கொடுக்கும் மாதா சுரூபம், ஒரு சின்னச் சிலை. ஜெசி அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் பங்குச் சாமியார் சுரூபத்தை மந்திரித்து ஜெப மாடத்தில் வைப்பார், அதற்குப் பிறகுதான் மருமகள் உட்காரவேண்டும், சாப்பிடவேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம்.

அப்பா கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தார். நான் அவரைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ஆலையில் கேட்டு இரும்புப் பட்டை, இழுத்து முறுக்கும் கருவி, கிளிப்புகள், அவிழ்க்கிற கட்டர் எல்லாம் கொண்டுவந்து வைத்திருந்தேன். கதவு வழியில் திறந்துகொள்ளக்கூடாதே என்று நாலு பட்டை. ஒன்றே போதும். மற்ற மூன்றும் சொந்தக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் போட்டது.

கல்யாணம் முடிந்த அன்று மாலை குட்டியானை வண்டி பாபநாசம் போய்ச் சேர்ந்தது. பீரோவை இறக்கிக் கூடத்தில் நிறுத்தினோம். ஜெசி பட்டுப்புடவையில், எரியும் மெழுகுவத்தியோடு நின்றாள். சாமியாருக்கு அடுத்த ஊரில் ஆறு மணிப் பூசை. நான் பையில் கையை விட்டேன். கட்டர் இல்லை.

அதன்பிறகு அந்த வீட்டிலிருந்த ஆயுதமெல்லாம் கூடத்துக்கு வந்தது. அரிவாள், மண்வெட்டி, கடப்பாரை, தேங்காய் உரிக்கிற கம்பிகூட. நான் கட்டிய கட்டல்லவா, எதற்கும் அசைந்து கொடுக்கவில்லை. சம்பந்தியம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாதமாதிரி சொன்னார்: "பொண்ணு குடுத்தவங்க நம்மள நம்பலைபோல." ஜெசியின் கண் நிறைந்துவிட்டது. மெழுகு உருகி அவள் விரலில் விழுந்தது. அவள் கையை உதறக்கூட இல்லை. வாழப்போகிற வீட்டில் அவளுக்கு முதல் அரைமணி நேரம் இப்படி, அதுவும் என் வித்தையால்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். கையில் அரிவாள் இருந்ததால் ஸ்பீக்கரில்.

"அம்மா, கட்டுறதுக்கு முன்னாடி பீரோ மேல கட்டர் வச்சிருந்தேனே, எங்க?"

"நீ மறந்துடுவேன்னு நான்தான் எடுத்து பத்திரமா வச்சேன்."

"எங்கம்மா?"

"பீரோவுக்குள்ளதான். மாதாவுக்குப் பக்கத்துல."

கூடம் முழுக்கக் கேட்டது. முதலில் சிரித்தவர் சாமியார். அடுத்து, நான் சத்தியமாக எதிர்பார்க்கவில்லை, சம்பந்தியம்மா. சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது அவருக்கு. "நானும் இப்படித்தான் தம்பி. தாலிக்கொடியப் பத்திரமா வச்சுட்டு மூணு நாள் தேடினேன். அரிசிப் பானைக்குள்ள இருந்துச்சு" என்றார். பிறகு ஜெசியின் கையிலிருந்த மெழுகுவத்தியை வாங்கிக்கொண்டு, "நீ உக்காரும்மா. மாதா உள்ளதான இருக்கா, எங்கயும் போயிடல" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். வழக்கமெல்லாம் அதோடு போயிற்று.

ஜெசியின் மாமனார் பம்புசெட்டுக் குழாய் அறுக்கும் ஆக்சா பிளேடைக் கொண்டுவந்து உட்கார்ந்து அறுத்தார். மூன்று பட்டை மரியாதையாக விழுந்தன. நாலாவது துள்ளி என் தாடையைக் கீறியது. கல்யாண ஆல்பத்தில் சுரூபம் மந்திரிக்கும் படத்தில், துண்டால் தாடையைப் பொத்திக்கொண்டு நிற்பது நான்தான். ஆறு மணிப் பூசை ஆறே முக்காலுக்குத் தொடங்கியதாகக் கேள்வி.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் காயத்தைப் பார்க்கவில்லை. "ஜெசிய உக்கார வச்சாங்களா?" என்றுதான் கேட்டார்.

"வச்சாங்கம்மா. சம்பந்தியம்மாவே நாற்காலி போட்டாங்க."

அம்மா அப்போதுதான் தரையில் உட்கார்ந்தார். காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்திருக்கிறார்.

இப்போது பீரோவைச் சீராகக் கொடுப்பவர்களைக் காணோம். அலமாரியைச் சுவரோடு சேர்த்தே செய்துவிடுகிறார்கள். மற்ற சாமான்கள் கடையிலிருந்து நேரே மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் இறங்குகின்றன. அம்மாவும் சம்பந்தியம்மாவும் அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு மணிக்கணக்காகப் போனில் பேசுவார்கள், பாதி நேரம் எதை எங்கே வைத்தோம் என்பதே பேச்சு. இரண்டு பேரும் இன்று இல்லை. என் வீட்டில் எல்லாம் வைத்த இடத்தில் இருக்கிறது, தேடவேண்டிய அவசியமே வருவதில்லை.